போலீஸ் கொண்டுபோன ஸ்கூட்டர்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில் இது நடந்தது. பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பின்புறம் உள்ள ஒரு சந்தில், மாடி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நேரில் வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவதுதான் என் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் எட்டுப் பத்து வீடு முடித்தாக வேண்டும். எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் முகம் மாறிவிடும். ஸ்கூட்டர் இல்லாமல் அந்த வேலையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அன்றைக்கு ஏழு வீடு முடித்திருந்தேன். எட்டாவது வீட்டுக்காரர்கள் கொஞ்சம் தாமதமாக வரச் சொன்னதால், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கைகழுவிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், கீழே என் ஸ்கூட்டர் பக்கத்தில் இரண்டு ஆண்கள். ஒருவர் தரையில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் காட்டி எதையோ படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சாதாரண பேன்ட் சட்டையில் இருந்தார்கள். தெருமுனையில், எந்தத் துறையின் பெயரும் எழுதாத ஒரு வெள்ளைக் கார் நின்றது.

யார் என்று மேலிருந்தே கேட்டேன். போலீஸ், வண்டியை எடுத்துப்போக வந்திருக்கிறோம், சாவியோடு கீழே வாருங்கள் என்று கன்னடத்தில் பதில் வந்தது.

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: இவர்கள் போலீஸ் இல்லை. காரணம் இருந்தது. போன மாதம்தான், நான் ரத்தம் எடுக்கப் போகும் ஒரு வீட்டில், போலீஸ் என்று சொல்லி வந்த இரண்டு பேரிடம் ஒரு அம்மாள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். சாதாரண உடை, நிதானமான பேச்சு, கையில் ஒரு தாள். அவர் சொன்ன அடையாளம் எல்லாம் இவர்களுக்கும் பொருந்தியது.

கீழே இறங்கினேன். ஆனால் மாடிப்படியின் அடியில் இருக்கும் கிரில் கதவைப் பூட்டியே வைத்துக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அடையாள அட்டையைக் காட்டினார்கள். இப்போதெல்லாம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடித்துத் தருவார்கள் என்று மனதுக்குள் நினைத்தேன். யூனிஃபார்ம் எங்கே, ஆர்டர் எங்கே, கூட ஒரு பெண் போலீஸ் ஏன் வரவில்லை என்று அடுக்கி, போலீஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்யப்போவதாகவும் சொன்னேன். இளையவர் சப் இன்ஸ்பெக்டராம், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூத்தவர் ஏட்டு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த மீசை. அவர் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"பண்ணுங்கம்மா, நூத்திப் பன்னெண்டுக்கு போன் பண்ணுங்க. அவங்க வர்ற வரைக்கும் நாங்க இங்கயே கூத்துக்கறோம்." உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்தப் பொறுமைதான் என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. இத்தனை நிதானமாக உட்காருகிற ஆள் எவ்வளவு பெரிய திருடனாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி போன் செய்தேன். கால் மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. அதிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கிய இருவரும் நேராக வந்து அந்த இளையவருக்கு சல்யூட் வைத்தார்கள்.

கிரில் கதவைத் திறக்க எனக்குச் சாவி துவாரமே அகப்படவில்லை. அதற்குள் சந்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

அதன் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. எடுத்துப்போகும் பொருளை எல்லாம் இரண்டு சாட்சிகளை வைத்து எழுத வேண்டுமாம். அந்தப் பட்டியலை அவர்கள் மஹஜர் என்றார்கள். கீழ்வீட்டு உரிமையாளர் அம்மாளும் முனை மளிகைக்கடைக்காரரும் சாட்சி. ஏட்டு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே எழுதினார். கறுப்பு நிற ஸ்கூட்டர் ஒன்று, ஹெல்மெட் ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. சீட்டைத் தூக்கியதும் என் குளிர்ப்பை வந்தது. அதற்குள் ஏழு பேருடைய ரத்தம், இருபத்தோரு குழாய்.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது என்ன, எங்கே கொண்டுபோகிறாய், யார் உனக்கு அனுமதி கொடுத்தது என்று கேள்வி மேல் கேள்வி. நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பாவம், அரை மணி நேரம் முன்னால் நான் அவரை நம்பியிருந்தால்தானே. பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்து ஒருவர் வந்து சொல்லி, பையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ரத்தம் எதற்கும் உதவாமல் போனது. ஏழு பேரும் மறுநாள் மறுபடி பட்டினி கிடந்து, மறுபடி ஊசி குத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் எண்பது வயதுக்காரர், நரம்பு கிடைப்பதே கஷ்டம்.

செல்போனையும் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் ஸ்கூட்டரில் இருந்த நம்பர் என் ஸ்கூட்டருடையதே இல்லை. நகரத்தின் வேறொரு மூலையில், இதே நிறத்தில், இதே மாதிரி ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவருடைய நம்பர் அது. அவர் போகாத தெருவில் எல்லாம் சிக்னல் மீறியதாக அவருக்கு அபராத நோட்டீஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பொறுக்க மாட்டாமல் புகார் கொடுத்திருக்கிறார். கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், என் தோளில் தொங்கும் பையும் அதில் பரிசோதனைக் கூடத்தின் பெயரும். கூடத்தில் விசாரித்து என் விலாசத்தை வாங்கியிருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் பொறித்திருந்த எண்ணைச் சரிபார்த்ததில், ஒரு வருடத்துக்கு முன்னால் பீன்யாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருந்து திருடுபோன வண்டி என்று தெரிந்துவிட்டது.

யாரிடம் வாங்கினாய் என்று கேட்டார்கள். சொன்னேன். எதிர்ச்சந்தில் வாடகைக்கு இருந்தவர், எங்கள் திருப்பத்தூர் பக்கத்துக்காரர். வண்டி ரிப்பேர் வேலை தெரிந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். துபாய்க்குப் போய்விட்ட தன் மச்சானுடைய வண்டி இருக்கிறது, வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை, நம்மாளுக்கு நம்மாள்தானே என்றார். பேச்சில் எங்கள் ஊர் வாசனை அடித்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது. ஆர்.சி. ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தார். மச்சான் லீவில் வந்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார். வண்டி வாங்கிய இரண்டு மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார், இங்கே வந்து உட்காருகிற எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்று.

நான் சொன்னது கதை இல்லை. ஆனால் முழுசும் சொல்லவில்லை. வண்டியை எங்கே வைத்துக் கொடுத்தார் என்று கேட்டபோது, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். அது பொய். நான் சந்தாபுரா வழியாக பஸ் பிடித்து ஆனேக்கல்லுக்குப் போய், ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டில்தான் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஏன் மறைத்தேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த ஷெட்டில் ஐந்தாறு வண்டிகள் கழற்றிப் போட்டுக் கிடந்தன. என் ஸ்கூட்டர் பழசு, ஆனால் நம்பர் பிளேட்டின் திருகுகள் மட்டும் பளபளவென்று புதுசு. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்பை அறுத்து, ராவி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்த தடம். பெயின்ட் சரியாகக் காயக்கூட இல்லை, விரலில் ஒட்டியது. இது என்ன என்று கேட்டேன். பால் கேன் வைக்க ஸ்டாண்டு இருந்தது, எடுத்துவிட்டோம் என்றார். நான் தலையாட்டினேன். வேறு கடையில் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவு அது. தலையாட்டாமல் என்ன செய்வேன். ஷெட்டைப் பற்றிச் சொன்னால் இதையெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னால் தெரிந்தே வாங்கினாள் என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான்.

சாயங்காலம் கணவர் வந்து அழைத்துப்போனார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீயாக ஒன்றும் சொல்லாதே என்றார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஆள் உனக்கு மட்டும் ஏன் அவ்வளவு மலிவாகக் கொடுத்தான் என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடம் கூட இருந்தவர் அப்படிப் பார்ப்பார் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த பத்து நாளும் அப்படியேதான் போனது. வேலையில் என்னை வெளியே அனுப்பாமல் உள்ளே உட்கார வைத்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்கார அம்மாள், இரண்டு மாதத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டால் நல்லது என்று சிரித்த முகத்தோடு சொன்னார். நானும் யாரையும் விட்டுவைக்கவில்லை. விலாசத்தைக் கொடுத்தது கூடத்தில் யார், வேண்டுமென்றே கொடுத்தார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினோராம் நாள் அந்த ஏட்டு, கணவர் போனுக்குக் கூப்பிட்டு, ஒரு கையெழுத்துப் போட வேண்டும், வந்துவிட்டுப் போங்கள் என்றார். லஞ்சத்துக்குத்தான் அடிபோடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். எப்படிப் பேச்சை எடுப்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் அப்படி எதையும் கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு கையெழுத்துத்தான்.

ஆனால் அன்றைக்கு அங்கே இன்னொரு பெண் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இடது கால் சூம்பியிருந்தது, சுவரில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியை அடையாளம் காட்ட வந்தவர். வண்டியின் சொந்தக்காரர்.

ஸ்டேஷன் பின்னால், வெயிலில் பறிமுதல் செய்த வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஏட்டு முன்னால் போக, அவர் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து போனார். நானும் பின்னால் போய் நின்றேன். அவர் என் ஸ்கூட்டரை, அதாவது தன் ஸ்கூட்டரை, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து, பின்சக்கரத்துப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெயின்ட் தடத்தில் கை வைத்தார்.

"சைடு வீல் எங்க?" என்று கேட்டார். பீன்யாவில் பிறந்து வளர்ந்த தமிழர் என்று ஏட்டு முன்பே சொல்லியிருந்தார்.

பால் கேன் ஸ்டாண்டு இல்லை. கால் ஊன்ற முடியாதவர்கள் ஓட்டுவதற்காகப் பின்னால் இரண்டு பக்கமும் பொருத்தும் சக்கரங்கள். அதை அறுத்துத்தான் எனக்கு இரண்டு சக்கர வண்டியாக விற்றிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதுங்க, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒரு வருசமா ஓட்டியிருக்கீங்க. இங்க அறுத்த தடம் இருக்குது. உங்க கண்ணுல படவே இல்லையா?"

 பதிலுக்குக் காத்திருக்காமல், ஏட்டு நீட்டிய தாளில் கையெழுத்துப் போடத் திரும்பிவிட்டார்.

அவர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகு ஏட்டுதான் மிச்சத்தைச் சொன்னார். தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலையாம். வண்டி திருடுபோன பிறகு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்திருக்கிறார். ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடும். தினமும் தாமதம். மூன்று மாதத்தில் வேலை போய்விட்டது. இப்போது அக்கா வீட்டில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறாராம். ஏட்டு இதை என்னைக் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. ஃபைலைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. அவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்த அதே காலைகளில் நான் அவருடைய வண்டியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நினைப்பு நகரவே மாட்டேன் என்றது. கணவர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அவரிடம் கேட்டால் தடுப்பார் என்று தெரியும். கேட்காமலே திரும்பி நடந்தேன்.

ஏட்டிடம் ஆனேக்கல் ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். திருகு, பெயின்ட், கழற்றிப் போட்ட வண்டிகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை சப் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார வைத்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, முதல் வாக்குமூலத்தில் பொய் சொன்னதற்காக மட்டுமே உன்னையும் வழக்கில் சேர்க்க முடியும் தெரியுமா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியும் என்றேன். நிஜத்தில் எனக்கு அது தெரியாது.  புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் காலையில் அவர்களுடைய வெள்ளைக் காரிலேயே என்னை ஆனேக்கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பெண் போலீஸும் வந்தார். வழி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஷெட் பூட்டியிருந்தது. நிலத்துக்காரரை வரவழைத்து, அவர் முன்னால் பூட்டை உடைத்தார்கள். உள்ளே பெரும்பாலும் காலி. எதிரே டீக்கடைக்காரர், நாலு நாள் முன்னால் டெம்போவில் இரண்டு லோடு ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார். மூலையில் கொஞ்சம் பழைய இரும்பு மிச்சம் கிடந்தது. அதில் ஒரு வளைந்த இரும்புச் சட்டம், ஒரு சிறு சக்கரத்தோடு. ஜோடிச் சக்கரம் இல்லை. அந்தச் சட்டத்தின் ஓரத்தில் ஊன்றுகோலை மாட்ட ஒரு கொக்கி வெல்டிங் செய்திருந்தது. படம் எடுத்து அனுப்பியதும், என்னுடையதுதான் என்று பீன்யாவில் இருந்து பதில் வந்துவிட்டது.

நிலத்துக்காரர் கொடுத்த தகவலை வைத்து, மூன்று மாதம் கழித்து அந்த 'ஊர்க்காரரை' வேறொரு ஊரில் பிடித்தார்கள். என்னை வழக்கில் சேர்க்கவில்லை, சாட்சியாகத்தான் வைத்தார்கள். ஆனால் அது முடிவாகும்வரை வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை அவருக்கே கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். கோர்ட் உத்தரவு வந்து வண்டி அவர் கைக்குப் போக மேலும் இரண்டு மாதம் ஆனதாம். அதுவரை அது வெயிலிலும் மழையிலும் ஸ்டேஷன் பின்னாலேயே நின்றிருக்கிறது.

போன வருடம் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. பின்னால் ஒரு பழைய சக்கரம், ஒரு புதுச் சக்கரம். அவர் உள்ளே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லாததால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் கைப்பையை என் பக்கத்துத் தோளில் இருந்து எடுத்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, கை தானாகச் செய்த காரியம். எனக்கு முகம் சுட்டது.

மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மொத நாளே ஷெட்டப் பத்திச் சொல்லியிருந்தா ரெண்டு வீலும் கெடச்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். புது வேலை கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது அவரே மறுபடி பேசினார். "உள்ள போய் பயப்படாம சொல்லுங்க. பாத்தது எல்லாத்தயும் சொல்லுங்க."

சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், பெயின்ட் ஈரமாக இருந்தும் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டபோது, மலிவாக இருந்தது, அதனால் கேட்க விரும்பவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நாங்கள் இருவரும் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை.

இப்போதும் நான் சந்தேகப்படுகிறவள்தான். இந்த நகரத்தில் தனியாக வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் ஏதாவது ஒன்று சுலபமாகக் கைக்கு வரும்போது, கொடுக்கிறவரை விட்டுவிட்டு, நான் எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன் என்று என்னையே முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.